முப்பத்திரண்டு புள்ளி மூன்று

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு ஜமால் ஒன்பது கிளாஸ் தே தாரிக் கலக்கினார். வாசலோர மேசையில் மலாக்காவிலிருந்து வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வலது கைக் குவளை தலைக்கு மேலே போனது. இடது கைக் குவளை இடுப்புக்குக் கீழே இறங்கியது. நடுவில் தேநீர் பழுப்புக் கயிறாக நின்றது. ஒருவர் கைபேசியில் படம் எடுத்தார்.

கல்லாவில் இருந்த அவர் மகள் இக்ரா அந்தக் கயிற்றைப் பார்க்கவில்லை. அது அவள் பிறந்ததிலிருந்து பார்ப்பது. அவள் பார்த்தது அத்தாவின் வலது மணிக்கட்டில் இருந்த கறுப்பு வாட்ச்சை. கை மேலே போகும்போதெல்லாம் அது தானாக ஒளிர்ந்தது. முதல் கிளாஸின்போது அதில் 6,212 அடிகள் என்று இருந்தது. ஒன்பதாவது கிளாஸைத் தட்டில் வைத்துவிட்டு ஜமால் கையைத் துடைத்தபோது 6,358.

இக்ரா குனிந்து அவருடைய கால்களைப் பார்த்தாள். ரப்பர் செருப்பு ஈர மிதியடியில் வைத்த இடத்திலேயே இருந்தது. ஓர் அடிகூட நகரவில்லை.

அந்த வாட்ச்சை நம்பித்தான் இந்தக் குடும்பம் மூன்று வாரமாக நிம்மதியாகத் தூங்குகிறது.

ஜமாலுக்கு ஐம்பத்தொரு வயது. கெலாங் பாத்தாவில் இருபது வருடமாக உணவகம் நடத்துகிறவர். நாளை அதிகாலை நான்கு மணிக்கு இஸ்கந்தர் புத்ரியில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப் போகிறார். போன வருடம் இதே ஓட்டத்தின் பாதித் தூரப் பிரிவில், பதினெட்டாவது கிலோமீட்டரில் தலைசுற்றி விழுந்தார். பயிற்சியின்போதே இரண்டு முறை தலைசுற்றியிருந்தது. அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்பக்கத்தில், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எழுத வேண்டிய கட்டத்தையும் காலியாக விட்டிருந்தார். மருத்துவக் கூடாரத்தில் அவருக்குக் கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, அவர் மனைவி ஆரிஃபா முடிவுக் கோட்டருகே இரண்டு மணி நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அதனால்தான் இந்த வருடம் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். ஊருக்குள்ளேயே, ஒரே மூச்சில், முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிக் காட்ட வேண்டும். பிறகுதான் மற்றப் பேச்சு.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு அவர் ஓடிக் காட்டினார். கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் 32.3 என்று எழுதி நீல மையில் வட்டமும் போட்டார். ஆரிஃபா கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் பாயசம் ஊற்றினாள். நேற்று முன்தினம், எண் அட்டையின் பின்பக்கம் தன் தொலைபேசி எண்ணைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள்.

இக்ராவுக்கு செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தராசு, அழுத்தமானி, வெப்பமானி என்று அளக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பவள். எண் ஒன்று காரணமில்லாமல் கூடினால் அவளால் சும்மா இருக்க முடியாது.

"அத்தா, அந்த வாட்ச்ச ஏன் வலது கையில கட்டியிருக்கீங்க?"

"இடது கையில தே தெறிக்கும்மா. மொதல்ல வாங்குனது ஒரே வாரத்துல செத்துப்போச்சு."

"ஓடுறப்பவும் அதே கைதானா?"

"ஆமா. ஓடிட்டு வந்த கையோட கடைக்கு வந்துடுறேன். தே கலக்குற ஆளு ஊருக்குப் போயி ரெண்டு மாசமாச்சு, தெரியாதா?"

"அப்போ எத்தன கிலோமீட்டர்னு எப்போ பார்ப்பீங்க?"

"மத்தியானம் லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யறப்ப கழட்டுவேன்ல, அப்போ பார்ப்பேன். பார்த்து அப்படியே காலண்டர்ல எழுதிடுவேன். ஏன், இன்னைக்கு லீவு நாள்லயும் ஒனக்கு ஆபீஸ் வேலையா?"

இக்ரா எழுந்து தே கலக்கும் மேடைக்கு எதிரே வந்து நின்றாள். "எனக்குப் பத்து தே கலக்குங்க. காலை மட்டும் நகர்த்தாதீங்க."

"பத்து கிளாஸ யாரு குடிக்கறது?"

"எனக்கு ரெண்டு போடுங்க பாய்," என்றார் கனகராஜ். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் வேலை பார்ப்பவர். தினமும் கடல்மேல் உள்ள இரண்டாவது பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் போய் வருபவர். நாளை அவருக்கும் ஓட்டம் உண்டு, இருபத்தோரு கிலோமீட்டர். "சீனி கொறைச்சு. நாளைக்கு நான் மெலிஞ்சு ஓடணும்."

"இன்னைக்கு கொறைச்சு நாளைக்கு மெலியப் போறீயா?"

"நம்பிக்கதானே லா பாய்."

பத்து கிளாஸ் முடிந்தது. வாட்ச் 163 அடிகள் ஏறியிருந்தது. இக்ரா ஆர்டர் சீட்டின் பின்னால் 163 என்று எழுதி, அதன் கீழே 16 என்று எழுதினாள். ஒரு கிளாஸுக்குப் பதினாறு அடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கடையில் முந்நூறு கிளாஸுக்குக் குறைந்து போனதே இல்லை.

அவள் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். கணக்கு மட்டும் போதாது. சாலையை அளக்க வேண்டும்.

"அம்மா, கார் சாவி எங்க?"

சமையற்கட்டிலிருந்து ஆரிஃபா எட்டிப் பார்த்தாள். "எங்க போற?"

"சும்மா, பெண்டாஸ் வரைக்கும்."

"நல்லதாப் போச்சு. படகுத்துறையில கொடுவா மீன் வந்திருக்குமாம். நானும் வர்றேன்."

இக்ராவால் மறுக்கச் சரியான காரணம் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கார் கடை வாசலைத் தாண்டும்போது அவள் பயணத் தூரம் காட்டும் எண்ணைப் பூச்சியமாக்கினாள். ஆரிஃபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பார்த்த மாதிரித் தெரியவில்லை.

அத்தாவின் பாதை இக்ராவுக்குத் தெரியும். பிரதான சாலையிலிருந்து இடதுபக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு வளைவு, மறுபடி சாலை, பாலம், கம்பத்துக் கிராம வீடுகள், கடைசியில் மீனவர் படகுத்துறை. தோட்டச் சாலைக்குள் கார் திரும்பியபோது ஆரிஃபா கேட்டாள்.

"மீனு வாங்க எதுக்கு தோட்டத்துக்குள்ள போற?"

"இது நெழலா இருக்கும்மா."

"கார்ல ஏர்கான் இருக்கு."

இக்ரா வேகத்தைக் குறைத்தாள். குலை ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்தது. ஒதுங்கி வழிவிட்டாள்.

"அத்தா எந்த எடத்துல திரும்புவாங்க?"

"படகுத்துறையில ஒரு செவப்புத் தண்ணித் தொட்டி இருக்காம். அதைத் தொட்டுட்டுத் திரும்புவேன்னு சொல்லுவாங்க. தொடாம வந்தா அவங்களுக்குத் திருப்தி இருக்காது." ஆரிஃபா சிரித்தாள். "ஐம்பது வயசுல ஓடிப்பிடிச்சு வெளையாட்டு."

சிவப்புத் தொட்டி துறையின் ஓரத்தில், வலை காயப்போட்ட கம்பிகளுக்கு அருகில் இருந்தது. இக்ரா காரை அதை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினாள். எண்ணைப் பார்த்தாள்.

"பன்னெண்டு புள்ளி ஒன்பது," என்றாள் ஆரிஃபா.

இக்ரா திரும்பினாள்.

"கடை வாசல்ல நீ அத சைபராக்குனத பார்த்துட்டுத்தான் வர்றேன். ரெண்டால பெருக்குனா எவ்வளவு?"

"இருபத்தஞ்சு புள்ளி எட்டு."

"அன்னைக்கு அவங்க வேற எங்கயும் போயிருப்பாங்களா?"

"அஞ்சு மணிக்குக் கெளம்பி எட்டு இருபதுக்கு கடைக்கு வந்துட்டாங்கம்மா. நான் பார்த்தேன். அதுக்குள்ள வேற எங்கயும் போயிருக்க முடியாது."

"அப்போ மிச்சம் ஆறரை கிலோமீட்டர யாரு ஓடுனா?"

இக்ரா சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தாள். வாட்ச்சுக்குச் சாலை தெரியாது, கை ஆடுவதைத்தான் அது அடியாக எண்ணுகிறது என்று விளக்கினாள். காலையில் ஓடியது, பிறகு மேடையில் நின்று கலக்கியது, மேசைக்கும் மேடைக்குமாக நடந்தது, எல்லாவற்றையும் லுஹர் வரைக்கும் அது ஒன்றாகக் கூட்டியிருக்கிறது.

ஆரிஃபா சீட்டை இரண்டு முறை படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மீன் விற்கும் பெண் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைத்து முடித்தபோது சிரிப்பு முகத்தில் இல்லை.

"தே கலக்குனதுக்குப் போயி நான் பாயசம் ஊத்தியிருக்கேன்."

"அத்தா பொய் சொல்லலம்மா. அவங்களுக்கே தெரியாது."

"இப்ப வரைக்கும் தெரியாது. நீ சொன்னா தெரியும்." ஆரிஃபா கார்க் கதவைத் திறந்தாள். "நீ போயி அவங்ககிட்ட சொல்லு. எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லாத."

"ஏம்மா?"

"போன வருஷம் தலை சுத்துனது அவங்களுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தெரியும். எனக்கு கூடாரத்துல நர்ஸு சொல்லித்தான் தெரியும். இந்தத் தடவ அவங்க வாயால வருதான்னு பார்க்கணும். வராட்டி..." அவள் முடிக்காமல் இறங்கினாள். "நாளைக்கு யாரும் எங்கயும் போகல."

கொடுவா மீன் நன்றாகத்தான் இருந்தது. பெரிதாக மூன்று வாங்கினாள்.

கடைக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை தாண்டியிருந்தது. ஜமால் தொழுதுவிட்டு வந்து, காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் 7.1 என்று எழுதிக்கொண்டிருந்தார். ஓட்டத்துக்கு முந்தைய நாள் என்பதால் இன்று அவர் ஓடவே இல்லை. அதைப் பற்றி அவருக்குச் சந்தேகமும் வரவில்லை. இக்ரா அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஜமால் கடைசிவரை கேட்டார். முடித்ததும் மேடைக்குப் போனார். வாட்ச்சைக் கழற்றி இடது கையில் கட்டினார். ஒரு தே கலக்கினார். நான்கு அடிதான் ஏறியது. மறுபடி வலது கைக்கு மாற்றினார். இன்னொரு தே. பதினாறு.

"அலமாக்," என்றார் மெதுவாக.

கனகராஜ் இன்னும் போகவில்லை. காலையில் போட்ட பத்தில் நான்கை அவரே குடித்து முடித்திருந்தார். "பாய், அப்போ நீங்க கடையில நின்னே மெடல் வாங்கலாம். எதுக்கு ரோட்டுக்கு வர்றீங்க?"

"சும்மா இருப்பா." ஜமால் இக்ராவைப் பார்த்தார். "அப்போ நான் முப்பத்திரெண்டு ஓடவே இல்ல."

"இருபத்தஞ்சு புள்ளி எட்டு ஓடியிருக்கீங்க. அது நெசம். அதுக்கப்புறம் நாலரை மணி நேரம் உட்காராம நின்னிருக்கீங்க. அதுவும் நெசம்."

"நின்னத எவன் மெடல்ல சேர்ப்பான்?" அவர் நெற்றியைத் தேய்த்தார். "அம்மாவுக்குத் தெரியுமா?"

இக்ராவுக்குப் பொய் சொல்ல வராது. "அம்மா மீன் கழுவுறாங்க," என்றாள்.

கனகராஜ் நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கினார். "நான் ஒண்ணு சொல்றேன் பாய். நாளைக்கு ஓடி முடிங்க. மெடலோட வந்து சொல்லுங்க. அக்கா சிரிச்சுட்டு விட்டுடுவாங்க."

"முடிக்கலைன்னா?"

"முடிக்கலைன்னா..." கனகராஜ் கிளாஸுக்குள் பார்த்தார். "முடிக்கலைன்னா சொல்லத் தேவையே இருக்காது."

மத்தியானம் மெதுவாகப் போனது. ஜமால் மூன்று தடவை சீனி இல்லாமல் தே அனுப்பினார். ஒரு தடவை மீ கோரேங் கேட்டவருக்கு ரொட்டி போனது. சமையற்கட்டிலிருந்து சாப்பாடு நீட்டும் சேவைச் சன்னல் வழியாக ஆரிஃபா எட்டிப் பார்க்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை அவர் அந்தப் பக்கம் வரும்போதும் உள்ளே கரண்டிச் சத்தம் நிற்பதை இக்ரா கவனித்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் சத்தம் மறுபடி தொடங்கியது.

ஐந்து மணிக்குக் கூட்டம் குறைந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்த ஜமால் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அதன் மேல் ஏறினார். காலண்டரின் முந்தைய தாளைப் புரட்டினார். 32.3 என்ற எண்ணைச் சுற்றியிருந்த நீல வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று அந்த எண்ணைப் பார்த்து அவர் கையைக் குலுக்கிய இருவர் இப்போதும் கடையில்தான் இருந்தார்கள்.

பேனாவை எடுத்து எண்ணை ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் 25.8 என்று பெரிதாக எழுதினார். அந்தத் தாள் மேலே இருக்கும்படியே விட்டுவிட்டு இறங்கினார்.

"என்ன பாய், கொறைச்சுட்டீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"வாட்ச்சு கூட்டிக்கிட்டுச்சு. நான் கொறைச்சுட்டேன்."

கல்லாவின் கீழிருந்த உறையிலிருந்து எண் அட்டையை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனார். இக்ரா வாசல்படிவரை போய் நின்றுவிட்டாள்.

ஆரிஃபா மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஜமால் அட்டையை அவள் பக்கத்தில், பின்பக்கம் மேலே தெரிய வைத்தார். அதன் மேல் பேனாவை வைத்தார்.

"ஒன் நம்பர அடிச்சிடு. நான் முப்பத்திரெண்டு ஓடல. இருபத்தஞ்சு புள்ளி எட்டுதான். தே கலக்குனதையும் வாட்ச்சு சேர்த்துடுச்சாம், இக்ரா கண்டுபிடிச்சா. எனக்கு இன்னைக்கு மத்தியானம்தான் தெரியும்."

"மத்தியானம் எத்தன மணிக்கு?"

"ரெண்டு இருக்கும்."

"இப்போ மணி அஞ்சேகால்."

"ஆமா," என்றார் ஜமால். "மூணு மணி நேரம் பயமா இருந்துச்சு."

ஆரிஃபா அடுப்பைத் தணித்தாள். "நாற்பத்திரெண்டுல மிச்சம் எவ்வளவு?"

"பதினாறு புள்ளி ரெண்டு."

"அந்தப் பதினாறுல என்ன ஆகும்?"

ஜமால் யோசித்தார். "தெரியல ஆரிஃபா. அவ்வளவு தூரம் நான் போனதே இல்ல."

"போன வருஷம் கேட்டதுக்கு எல்லாம் தெரியும்னு சொன்னீங்க."

"போன வருஷமும் தெரியாது."

அவள் கையைத் துடைத்தாள். பேனாவை எடுத்தாள். ஆரிஃபா தன் எண்ணை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் ஏதோ எழுதி அட்டையை அவரிடம் நீட்டினாள். கி.மீ. 26 என்று இருந்தது.

"நாளைக்கு அந்த எடத்துல நான் நிப்பேன். முடிவுக் கோட்டுல நிக்க மாட்டேன், அங்க நின்னது போதும். நீங்க வந்து என் முன்னாடி நின்னு மூஞ்சியக் காட்டணும். எனக்குப் பிடிக்கலைன்னா, அங்கருந்து ஒரு எட்டு எடுத்து வைக்க விடமாட்டேன்."

"பிடிச்சா?"

"பிடிச்சா அப்போ பார்ப்போம். கையக் காட்டுங்க."

ஜமால் புரியாமல் கையை நீட்டினார். அவள் வாட்ச்சைக் கழற்றித் தன் வலது கையில் கட்டிக்கொண்டாள். வார் பெரிதாக இருந்தது. கடைசி ஓட்டைவரை இழுத்து மாட்டினாள்.

"இது எதுக்கு ஒனக்கு? தப்பா எண்ணுற வாட்ச்சு."

"போன வருஷம் ரெண்டு மணி நேரம் அங்க நடந்தேன். எவ்வளவு தூரம்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் கேட்கல."

ஜமால் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இக்ரா கைபேசியில் ஓட்டப் பாதையின் வரைபடத்தைத் திறந்திருந்தாள். விரலால் பெரிதாக்கி இருபத்தாறைத் தேடினாள். கண்டுபிடித்ததும் அவள் புருவம் சுருங்கியது.

"அம்மா, அந்த எடத்துக்கு கார் போகாது. பெரிய ரோட்ட விடியக்காலை மூணு மணிக்கே மூடிடுறாங்க. கிட்டத்துல இருக்கற சந்திப்புல நிறுத்திட்டு நடந்துதான் போகணும்."

"எவ்வளவு?"

"மூணு கிலோமீட்டர் வரும். போக மட்டும்."

சேவைச் சன்னலில் கனகராஜின் தலை தெரிந்தது. "அக்கா, அங்க ஒரே மேடு. ஓடுறவனே நடப்பான்."

ஆரிஃபா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். சமையற்கட்டில் போடும் பச்சை ரப்பர் செருப்பு. வீட்டில் இருப்பது பெருநாளுக்கு வாங்கிய, குதிகால் உயர்ந்த ஒரு ஜோடி மட்டும். பிறகு அவள் இக்ராவின் கால்களைப் பார்த்தாள்.

"ஒன் ஷூ என்ன சைஸு?"

"முப்பத்தேழு."

"எனக்கு முப்பத்தொன்பது." குழம்புச் சட்டியை மூடினாள். முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கை உயர்ந்ததில் வாட்ச் ஒளிர்ந்தது. "ஷூ கடை எத்தன மணி வரைக்கும்? காரை எடு."